வெப்பமானி பிறந்த கதை

மார்கழி மாதத்து விடியற்காலையில் கிணற்று நீரை இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்கிறவர்கள், அந்நீர் வெதுவெதுப்பாக இருப்பதை உணர்ந்திருப்பார்கள். அதே கிணறு சித்திரை வெயிலில் சில்லென்ற நீரைத் தருகிறது. குளிர் காலத்தில் பூமி தன் சூட்டை உள்ளே ஒடுக்கிக்கொள்கிறது என்று இதற்குச் சமாதானம் சொல்வாரும் உண்டு. இது நம் நாட்டு நம்பிக்கை மட்டுமன்று; ஐரோப்பாவிலும் அரிஸ்டாட்டிலின் வழிவந்த பண்டிதர்கள் நெடுங்காலம் இவ்வாறே கருதினர். ஆனால் 1615ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்துப் பிரபுவான சாக்ரெடோ என்பவர், தம் நண்பர் கலீலியோவுக்கு எழுதிய கடிதமொன்றில் வேறு விதமாகக் கூறினார். கிணற்று நீர் கோடையில் இருப்பதைவிடக் குளிர் காலத்தில் அதிகக் குளிர்ச்சியாகவே இருக்கிறது. நம் உடம்புதான் அதனை மாற்றிச் சொல்லுகிறது என்பது அவர் கண்ட முடிவு. இவ்வளவு துணிவாக அவரைப் பேசவைத்தது ஒரு கண்ணாடிக் குழாய். அந்தக் குழாயின் கதையைத்தான் இன்று நாம் சொல்லப் புகுகிறோம்.

முதலில் நம் உடம்பு சொல்லும் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம். மூன்று பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பொறுக்கக்கூடிய அளவு சுடுநீர், ஒன்றில் குளிர்ந்த நீர், நடுவில் உள்ளதில் இரண்டும் கலந்த நீர். வலக் கையைச் சுடுநீரிலும் இடக் கையைக் குளிர்ந்த நீரிலும் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒருசேர நடுப்பாத்திரத்தில் அமிழ்த்துங்கள். அது குளிர்கிறது என்று வலக் கை சொல்லும். சுடுகிறது என்று இடக் கை சொல்லும். ஒரே மனிதரின் இரண்டு கைகளே ஒத்துப்போகவில்லையென்றால், இரண்டு மனிதர்கள், இரண்டு ஊரார், இரண்டு தலைமுறையினர் எப்படி ஒத்துப்போவார்கள்? சென்ற ஆண்டுக் கோடைதான் கடுமை என்று ஒருவரும், இந்த ஆண்டுதான் என்று மற்றொருவரும் வாதாடினால், தீர்ப்புச் சொல்ல மனித உடம்புக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும்.

வெப்பம் பட்டால் காற்று விரியும் என்பது பண்டைக் காலத்தவர் அறியாததன்று. அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த ஹீரோ என்ற அறிஞர், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காற்றின் விரிவால் நீரை ஏற்றி இறக்கும் பொறிகளைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார். அந்நூல் 1575இல் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டது. பின்னர் இத்தாலியிலும் வந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தத் தலைமுறையிலேதான் இத்தாலியில் வெப்பங்காட்டும் குழாய்கள் தோன்றின.

கலீலியோ காட்டிய கருவியை அவருடைய மாணவர் காஸ்டெல்லி பிற்காலத்தில் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். கோழிமுட்டை அளவுள்ள ஒரு கண்ணாடிக் குமிழ். அதன் கழுத்தாகக் கோதுமைத் தாளைப் போல மெல்லிய, இரு சாண் நீளமுள்ள குழாய். குமிழை உள்ளங்கைகளுக்கிடையே பிடித்துச் சூடேற்றிய பின், தலைகீழாகத் திருப்பிக் குழாயின் வாயை ஒரு கிண்ணத்து நீரில் அமிழ்த்தினார் கலீலியோ. கையை எடுத்ததும், கிண்ணத்து நீர் தானாகவே குழாயில் ஒரு சாணுக்கு மேல் ஏறி நின்றது. சூட்டினால் விரிந்து வெளியேறிய காற்றுப் போக, மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்கவே, அந்த இடத்தை நிரப்ப நீர் மேலேறிற்று. மறுபடியும் குமிழைத் தொட்டால் நீர் கீழிறங்கும். ஆகவே இந்தக் கருவியில் நீர் உயர்ந்தால் குளிர், தாழ்ந்தால் வெப்பம். நாம் இன்று பழகியிருப்பதற்கு நேர் எதிர்.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'வெப்பங்காட்டி' என்றும் 'வெப்பமானி' என்றும் தமிழில் இரண்டு சொற்களை ஆளுகிறோம். உஷ்ணமானி என்பாரும் உளர். வீட்டில் காய்ச்சல் பார்க்கும்போது எல்லோரும் தெர்மாமீட்டர் என்றுதான் சொல்கிறோம். காட்டுவது வேறு, அளப்பது வேறு. வெப்பம் ஏறிற்று, இறங்கிற்று என்று தெரிவிப்பது காட்டி. எவ்வளவு ஏறிற்று என்று எண்ணால் சொல்வது மானி. அதனினும் முக்கியமானது, ஓர் ஊரில் அது சொல்லும் எண்ணுக்கு மற்றோர் ஊரிலும் அதே பொருள் இருக்க வேண்டும். கலீலியோ வைத்திருந்தது காட்டி. காட்டி மானியாக மாறுவதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. கண்ணாடி ஊதுவது கடினமாக இருந்ததால் அன்று; எண்ணுக்குப் பொருள் கொடுப்பதுதான் கடினமாக இருந்தது.

அந்தப் பாதையில் முதலடி வைத்தவர் பதுவா நகரத்து மருத்துவப் பேராசிரியர் சான்டோரியோ. உண்பது, பருகுவது, கழிப்பது அனைத்தையும் எடைபோட்டுப் பார்ப்பதற்காகத் தராசில் தொங்கிய நாற்காலியிலேயே அமர்ந்து ஆராய்ச்சி செய்த விசித்திர மனிதர் இவர். எதையும் அளந்தே ஆகவேண்டும் என்ற இந்தப் பிடிவாதம் வெப்பத்தையும் விட்டுவைக்கவில்லை. குமிழின்மேல் பனிக்கட்டித் துகளை வைத்தபோது நீர் நின்ற இடத்தில் ஒரு குறி, மெழுகுவத்திச் சுடரைக் காட்டியபோது நின்ற இடத்தில் மற்றொரு குறி. இடைப்பட்ட தூரத்தைச் சமபாகங்களாகப் பிரித்தார். நோயாளியின் வாயில் குமிழை வைத்து, ஊசல் சில முறை ஆடும் நேரத்துக்குள் நீர் எவ்வளவு இறங்குகிறதென்று பார்த்தார். நேற்றைய இறக்கத்தோடு இன்றைய இறக்கத்தை ஒப்பிட்டால் காய்ச்சல் தணிகிறதா ஏறுகிறதா என்று தெரியும். ஒரே மருத்துவர், ஒரே கருவி, ஒரே நோயாளி என்ற வரையில் இது போதுமானது. 1624இல் வெளியான ஒரு பிரெஞ்சுக் கணித விநோத நூலில் 'தெர்மாமீட்டர்' என்ற பெயரும் இக்கருவிக்குக் கிடைத்துவிட்டது. பெயர் வந்துவிட்டதே தவிர, பெயருக்குரிய தகுதி இன்னும் வரவில்லை.

ஏனெனில் அந்தக் கருவியில் ஒரு வஞ்சம் ஒளிந்திருந்தது. குழாயின் கீழ்முனை திறந்த கிண்ணத்தில் அமிழ்ந்திருக்கிறதல்லவா? கிண்ணத்து நீரின்மேல் வெளிக்காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. காற்றுக்குக் கனமுண்டு, அது அழுத்துகிறது என்பதையே டொரிசெல்லி 1640களில்தான் விளக்கினார். 1648இல் பாஸ்கலின் மைத்துனர் ஒரு மலையுச்சிக்குப் பாதரசக் குழாயைச் சுமந்து சென்று, உயரம் ஏற ஏற அழுத்தம் குறைவதை மெய்ப்பித்தார். அழுத்தம் ஓரிடத்திலேயே நாளுக்கு நாள் மாறுவதும் தெரியவந்தது. அப்போதுதான் பழைய வெப்பங்காட்டிகளின் குட்டு வெளிப்பட்டது. புயல் நெருங்கும்போது பாதரசம் இருபது மில்லிமீட்டர் இறங்கினால், வெப்பம் சிறிதும் மாறாமலிருக்கும்போதே, கலீலியோவின் குழாய் ஏழெட்டு டிகிரி மாறியதுபோலக் காட்டிவிடும். அதாவது இத்தனை நாளும் அவர்கள் படித்தது வெப்பத்தையும் அழுத்தத்தையும் சேர்த்து எழுதிய கலவை எழுத்து. எது எது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

இதற்குப் பரிகாரம் கண்டவர் ஓர் அரசர். டஸ்கனி நாட்டை ஆண்ட இரண்டாம் பெர்டினாண்டு என்ற மெடிசி குலத்துப் பெருங்கோமான், ஆராய்ச்சியில் மெய்யான ஈடுபாடு கொண்டவர். காற்றுக்குப் பதிலாக மதுசாரத்தைக் குமிழில் நிரப்பிக் குழாயின் வாயை நெருப்பில் உருக்கி மூடிவிடச் செய்தார். மூடிய குழாய்க்குள் வெளிக்காற்றின் அழுத்தம் எட்டாது. நீர் உறைந்துபோகும் குளிரிலும் மதுசாரம் உறைவதில்லை.

ஆனால் திரவங்கள் காற்றைப் போலத் தாராளமாக விரிவதில்லை. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் மதுசாரம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே விரிகிறது; பாதரசமோ ஐயாயிரத்து ஐந்நூற்றில் ஒரு பங்குதான். இந்தச் சிறு விரிவைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வது எப்படி? குமிழைப் பெரிதாகவும் குழாயை மயிரிழைபோல நுண்ணியதாகவும் அமைக்க வேண்டும். குமிழ் நிறைய இருக்கும் திரவத்தின் மிகச்சிறு விரிவு முழுவதும் அந்த நுண்குழாயில் திரண்டு நீண்ட கோடாகத் தோன்றும். கண்ணாடியும் சற்றே விரியும் என்றாலும், அது திரவத்தைவிட மிகக் குறைவாக விரிவதால் கணக்கு கெடுவதில்லை. இன்றுவரை கண்ணாடி வெப்பமானிகளின் இரகசியம் இவ்வளவுதான்.

பிளாரென்ஸ் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளிகளின் கைத்திறனை இங்கே பாராட்டாமல் இருக்க முடியாது. பாகைகளைக் காட்டக் குழாயின்மேல் வரிசையாகச் சிறு கண்ணாடி மணிகளைப் பதித்தார்கள். பத்துக்கு ஒன்று வெண்மணி. கண்ணளவாலேயே ஒரே அளவுள்ள கருவிகளைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒன்றோடொன்று ஒத்த இந்தக் கருவிகளை 1654 முதல் பிளாரென்ஸ், பைசா, பொலோனா, மிலான் ஆகிய இத்தாலிய நகரங்களுக்கும், ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் இன்ஸ்புருக், பாரிஸ், வார்ஸா வரையிலும் அனுப்பி, நாள்தோறும் பலமுறை பார்த்துக் குறித்து வைக்கும்படி பெர்டினாண்டு ஏற்பாடு செய்தார். பல ஊர்களில் ஒரே வகைக் கருவியால் வானிலையைக் குறித்த முதல் முயற்சிகளில் இது தலையாயது. 1667இல் அந்த ஆராய்ச்சிக் கழகம் மூடப்பட்டது, கருவிகள் மறைந்தன, குறிப்பேடுகள் எஞ்சின.

எஞ்சிய குறிப்பேடுகளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்ன நாள், இன்ன வேளை, 'பதினெட்டுப் பாகை' என்று எழுதியிருக்கும். பதினெட்டு என்றால் என்ன? அந்தக் கருவியின் பதினெட்டு. கருவி போய்விட்டால் எண்ணும் ஊமையாகிவிடுகிறது. அகராதி இல்லாத மொழியில் எழுதிய ஏடு போல, எழுத்துத் தெரிகிறது, பொருள் தெரியவில்லை. நல்வினைப் பயனாக 1829இல் பிளாரென்ஸிலேயே அந்தப் பழைய வெப்பமானிகளிற் சில மீண்டும் அகப்பட்டன. அவற்றைப் புதிய வெப்பமானிகளுடன் ஒரே நீரில் வைத்து ஒப்பிட்டபோதுதான் பழைய பதினெட்டுக்கும் இருபதுக்கும் பொருள் கிடைத்தது. தொழிலாளிகள் ஒரே மாதிரியாகச் செய்திருந்ததால், அகப்பட்ட சில கருவிகளே மற்ற எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்லப் போதுமாயிருந்தன. ஒவ்வொரு தலைமுறைக்கும் இப்படிப் புதையல் கிடைத்துக்கொண்டிராது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தேவைப்பட்டது, கருவி உடைந்தாலும் அழியாத ஓர் அடையாளம். உலகில் எங்கும் எவரும் மறுபடி உண்டாக்கிக்கொள்ளக்கூடிய, என்றும் மாறாத வெப்பநிலை ஒன்று வேண்டும். அதற்கு அறிஞர்கள் முன்மொழிந்தவற்றைப் படித்தால் இன்று புன்னகை வருகிறது. வெண்ணெய் உருகும் நிலை என்றார் ஒருவர். சோம்பு எண்ணெய் உறையும் நிலை என்றார் இன்னொருவர். பாரிஸ் வான்மண்டபத்தின் ஆழ்ந்த நிலவறை என்றும், மனித உடம்பின் சூடு என்றும் பலவாறாகச் சொன்னார்கள். நியூட்டனே 1701இல் ஆளிவிதை எண்ணெய் நிரப்பிய வெப்பமானியில் உடம்புச் சூட்டைப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டார். இவற்றைக் கேலி செய்வது எளிது. ஆனால் அவர்கள் சிக்கிக்கொண்டிருந்த புதிரை நாம் மறக்கலாகாது. ஒரு நிலை மாறாதது என்று தெரிந்துகொள்ள நம்பகமான வெப்பமானி வேண்டும். நம்பகமான வெப்பமானி செய்ய மாறாத நிலை வேண்டும். எதை முதலில் பற்றுவது?

இந்த முடிச்சை ஒரே வெட்டில் யாரும் அறுத்துவிடவில்லை. சிறிது சிறிதாகத் தளர்த்தினார்கள். பனிக்கட்டி உருகும்போது சாதாரண வெப்பங்காட்டியை அதில் வைத்தால்கூட அது அசையாமல் நிற்கிறது. எத்தனை முறை வைத்தாலும் அதே இடம். எண் தேவையில்லை, அசைவின்மை போதும். இப்படி ஒரு நிலையை ஏற்றுக்கொண்டு சற்று மேலான கருவி செய்வது. அந்தக் கருவியைக்கொண்டு அந்த நிலையையே மறுபடி சோதிப்பது. படிக்கட்டில் ஒரு காலை ஊன்றி மறுகாலை எடுத்து வைப்பதைப் போன்ற முறை இது.

இந்த முறையில் கைதேர்ந்தவர் டான்சிக் நகரில் 1686இல் பிறந்த காப்ரியேல் பாரன்ஹீட். பதினைந்தாம் வயதில், நச்சுக் காளானை உண்ட பெற்றோர் இருவரையும் ஒரே நாளில் இழந்தவர். வாணிபம் பயில ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பப்பட்ட அவரது மனம் கண்ணாடிக் கருவிகளில் போய் ஒட்டிக்கொண்டது. 1708இல் கோபன்ஹேகன் சென்று, ஒளியின் வேகத்தைக் கணித்த ரோமர் வெப்பமானிகளில் பாகை குறிப்பதை நேரில் பார்த்தார். ரோமரின் அளவில் பனிக்கட்டி ஏழரை, உடம்புச் சூடு இருபத்திரண்டரை. பின்னங்கள் பாரன்ஹீட்டுக்குப் பிடிக்கவில்லை. நான்கால் பெருக்கி முப்பது, தொண்ணூறு என்று ஆக்கினார்; பின்னர் குழாயைப் பாதி பாதியாகப் பிரித்துக் குறிபோடுவதற்கு வசதியாக அவற்றை முப்பத்திரண்டு, தொண்ணூற்றாறு என்று திருத்தினார். இரண்டுக்கும் இடைவெளி அறுபத்து நான்கு; ஆறு முறை பாதியாக்கினால் ஒரு பாகை. பனிக்கட்டியும் நீரும் நவச்சாரமும் கலந்த கலவையின் கடுங்குளிர் அவருக்குச் சூனியம். காய்ச்சல் அளவில் நாம் இன்றும் வழங்கும் அந்த விசித்திரமான எண்கள் பிறந்த வகை இதுவே. பிற்காலத்தில் அளவைச் சற்று ஒழுங்குபடுத்தியதால் உடம்புச் சூடு தொண்ணூற்றெட்டுக்கு மேல் நகர்ந்துவிட்டது.

1714இல் பாரன்ஹீட் ஹாலே நகரப் பேராசிரியர் வோல்புக்கு இரண்டு மதுசார வெப்பமானிகளைக் கொடுத்தார். அவற்றை அருகருகே வைத்துப் பார்த்த பேராசிரியர் வியப்படைந்து, அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். வியப்புக்குக் காரணம் யாதெனில், இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின! இன்று இதைக் கேட்கும் நமக்கு, இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். கலீலியோவின் குழாய்க்குப் பிறகு ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்தும், தனித்தனியே செய்த இரண்டு வெப்பமானிகள் ஒத்துப்போவது கட்டுரை எழுதத்தக்க செய்தியாக இருந்தது.

பின்னர் பாரன்ஹீட் பாதரசத்துக்கு மாறினார். மதுசாரம் நீருக்கு முன்பே, எழுபத்தெட்டு செல்சியஸ் டிகிரியிலேயே கொதித்துவிடும். பாதரசம் கொதிக்க முந்நூற்றைம்பது டிகிரிக்கு மேல் வேண்டும், கண்ணாடியில் ஒட்டாது, விரைவில் சூடேறும். அழுக்குப் பாதரசம் குழாயில் ஒட்டி நின்றுவிடும் என்பதால், அதைத் தூய்மை செய்யும் முறையையும் அவர் கண்டுகொண்டார். அதே பாதரசம் நஞ்சு என்பதால், அதைப் பயன்படுத்தும் கருவிகளை விலக்க 2013இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

பாரன்ஹீட் வழி காட்டினாலும் ஊருக்கு ஓர் அளவு என்ற நிலை ஓயவில்லை. பிரான்சில் ரோமூர் 1730இல் எண்பது பாகை அளவை நிறுவினார். ரஷ்யாவில் தெலீல் கொதிநீரைச் சூனியமாக வைத்துக் கீழ்நோக்கி எண்ணினார். ஒரே பலகையில் பதினெட்டு அளவுகளைப் பக்கம் பக்கமாக வரைந்த பதினெட்டாம் நூற்றாண்டு வெப்பமானி ஒன்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு உரியது. பதினெட்டு மொழிகளுக்கு ஓர் அகராதி என்று அதனைச் சொல்லலாம்.

1742இல் ஸ்வீடன் நாட்டு வானியலார் செல்சியஸ் இரண்டே நிலைகள் போதும் என்றார்: உருகும் பனி, கொதிக்கும் நீர், இடையே நூறு பாகை. அவர் கொதிநிலையைச் சூனியமாகவும் உருகுநிலையை நூறாகவும் வைத்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1744இல் அவர் மறைந்த பின் ஸ்வீடனில் அது தலைகீழாக்கப்பட்டது. லியோன் நகரத்துக் கிறிஸ்தீன் 1743இலேயே மேல்நோக்கி எண்ணும் நூறு பாகை அளவை அமைத்திருந்தார். ஆனால் செல்சியஸின் பெருமை நூறு என்ற எண்ணில் இல்லை. இரண்டு குளிர்காலங்கள் பலவகை வானிலையில் உருகும் பனியில் வெப்பமானியை வைத்துப் பார்த்து, அந்நிலை மாறவில்லை என்று உறுதி செய்தார். நீரின் கொதிநிலையோ காற்றழுத்தத்தைப் பொறுத்து ஏறி இறங்குகிறது என்பதையும் கண்டு, இன்ன அழுத்தத்தில் கொதிக்கும் நீர் என்று வரையறுத்தார்.

அத்தோடும் தொல்லை தீர்ந்ததா? இல்லை. ஜெனீவாவைச் சேர்ந்த தெலுக் என்ற அறிஞர், நீரில் கரைந்திருக்கும் காற்றுதான் கொதித்தலைக் குழப்புகிறது என்று ஐயுற்று, ஒரு குடுவை நீரிலிருந்து காற்றை விரட்ட நான்கு வார காலம் அதைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். உறங்கும்போதும் வெளிவேலைகளுக்குப் போகும்போதும்தான் கீழே வைத்தாராம். அந்த நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நின்றது! மாறாத நிலை என்று எல்லோரும் நம்பியதன் அடித்தளமே ஆட்டங்கண்டது. இலண்டன் ராயல் சங்கம், காவண்டிஷ் தலைமையில் எழுவர் குழுவை அமைத்தது. 1777இல் அக்குழு கொடுத்த அறிக்கையின் சாரம் எளியது: வெப்பமானியைக் கொதிக்கும் நீருக்குள் அமிழ்த்தாதீர்கள், மூடிய பாத்திரத்தில் நீருக்கு மேலே எழும் ஆவியில் நிறுத்துங்கள். நீர் எப்படிக் குதித்தாலும் ஆவி, குறித்த அழுத்தத்தில், அதே நிலையில்தான் நிற்கிறது. அடுப்படியில் நாள்தோறும் காணும் ஆவியில் இப்படியொரு நிலைத்தன்மை இருப்பதைக் கண்டறிய ஏழு அறிஞர்கள் தேவைப்பட்டனர்.

கொதிநிலை அழுத்தத்தோடு மாறுவதை ஒரு குறையாகவே நினைக்க வேண்டியதில்லை என்று பாரன்ஹீட் முன்பே எழுதியிருந்தார். நீர் எந்தப் பாகையில் கொதிக்கிறதென்று பார்த்தால் அங்குள்ள காற்றழுத்தம் தெரியும். அழுத்தம் தெரிந்தால் இடத்தின் உயரமும் தெரியும். ஏறத்தாழ முந்நூறு மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு செல்சியஸ் டிகிரி குறைகிறது. பாதரசம் நிறைந்த நீண்ட அழுத்தமானியை மலைமேல் சுமப்பதைவிட ஒரு சிறு வெப்பமானியும் சிறிது சுள்ளியும் எளிது.

இந்த உபாயம் நம் நாட்டவர் ஒருவரின் கையில் பெரும்பணி புரிந்தது. குமாவுன் மலைப்பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நயின்சிங் ராவத், இந்திய நில அளவைத் துறையிடம் பயிற்சி பெற்று, 1865இல் யாத்திரிகர் வேடத்தில் திபெத்துக்குப் புறப்பட்டார். அந்நாளில் திபெத் அயலாருக்கு மூடிய நாடு. அளவுக் கருவியோடு பிடிபட்டால் உயிருக்கு உறுதியில்லை. ஜபமாலையின் மணிகளைத் தள்ளி அவர் தம் காலடிகளை எண்ணினார். வெப்பமானியோ கைத்தடியின் உட்குழிவில் மறைந்திருந்தது. 1866 ஜனவரியில் லாசா நகரை அடைந்து, கொதிக்கும் நீரில் அந்த வெப்பமானியை வைத்துப் பார்த்தார். அந்த உயரத்தில் நீர் ஏறத்தாழ எண்பத்தெட்டு டிகிரியிலேயே கொதிக்கிறது. அந்நகரம் கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்ற கணக்கை நில அளவையாளர்கள் அவர் கொண்டுவந்த அந்தக் குறிப்பிலிருந்துதான் போட்டார்கள்.